நிலத்துக்குக் கீழே, இரண்டு பிள்ளைகளோடு



சில மாதங்களுக்கு முன் கிளிநொச்சியில் ஒரு தங்கை என்னைப் பார்க்க வந்தார். கணவருக்கு லண்டனில் வேலை. பல வருட இழுபறிக்குப் பிறகு அவருக்கும் பிள்ளைகளுக்கும் விசா கிடைத்திருந்தது. மகனுக்கு நாலு வயது, மகளுக்கு ஒன்றரை. பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பு சம்பந்தமாக ஒரு கடிதம் தேவைப்பட்டது. கடிதத்தைக் கொடுத்து முடிந்த பிறகும் அவர் எழும்பவில்லை. கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு இருந்தார்.

"அக்கா, அங்க நிலத்துக்குக் கீழால ரயில் ஓடுமாமே. இவருக்கு இரவு வேலை, பகலில நித்திரை. ஆஸ்பத்திரி, கிளினிக் எல்லாத்துக்கும் நான்தான் தனியக் கொண்டு திரிய வேணும். ரெண்டு பேரையும் எப்பிடிப் பிடிச்சுக்கொண்டு ஏறுறது?"

கேள்வி சின்னது போலத் தெரியும். அவருடைய கதை எனக்குத் தெரிந்திருந்ததால் நான் உடனே பதில் சொல்லவில்லை. 2009இல் அவருக்கு 13 வயது. முள்ளிவாய்க்கால் பக்கம் பல கிழமைகள் பதுங்குகுழிக்குள் இருந்தவர். கடைசியில் சனத்தோடு சனமாக வெளியே வந்தபோது தம்பியின் கை அவர் கையை விட்டு நழுவிவிட்டது. இரண்டு நாட்களுக்குப் பிறகு தம்பி வேறொரு குடும்பத்தோடு கிடைத்துவிட்டான். இன்று வளர்ந்து வவுனியாவில் வேலை செய்கிறான். ஆனாலும் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் இவர் வலது கையைப் பொத்திக்கொள்வார். அன்றும் அப்படித்தான் பொத்திக்கொண்டு இருந்தார்.

"குழிக்குள்ள இனி இறங்கிறேல்லை எண்டு இருந்தனான். இப்ப பிள்ளையளையும் கொண்டு இறங்க வேண்டிக் கிடக்கு" என்று சொல்லிச் சிரித்தார்.

இந்தப் பக்கத்தை வாசிக்கிற உங்களிலும் பலர் லண்டன், பாரிஸ், ரொறன்ரோ என்று கணவரிடமோ பிள்ளையிடமோ சகோதரரிடமோ போகக் காத்திருக்கிறீர்கள். விமான நிலையத்தில் என்ன செய்வது, எந்தப் பத்திரத்தை எங்கே காட்டுவது என்றெல்லாம் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். போன அடுத்த கிழமை பிள்ளைகளோடு ரயில் ஏறுவது எப்படி என்று ஒருவரும் சொல்லித் தருவதில்லை. அங்கே இருப்பவர்களுக்கு அது பழகிப்போய்விட்டது. அதனால் அன்று அந்தத் தங்கைக்குச் சொன்னதை இந்த மாதம் உங்களுக்கும் எழுதுகிறேன்.

எனக்கு இது தெரிந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019ஆம் ஆண்டு கோடை காலத்தில் என் அக்காவின் மூன்றாவது பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக லண்டன் ஈஸ்ற்ஹாமில் மூன்று மாதம் நின்றேன். அக்காவின் மூத்தவனுக்கு அப்போது ஐந்து வயது, இரண்டாவது பெண்பிள்ளைக்கு இரண்டு. இருவரையும் கூட்டிக்கொண்டு திரிகிற வேலை என்னுடையது. சமூகவியல் படித்த பட்டதாரி என்ற பெருமையெல்லாம் முதல் கிழமையிலேயே போய்விட்டது.

லண்டன் நிலக்கீழ் ரயிலை அங்கே 'ரியூப்' என்பார்கள். உலகத்தில் முதன்முதலாக நிலத்துக்குக் கீழே பயணிகள் ரயில் ஓடியது அங்கேதான், 1863இல். இப்போது 272 நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் பயப்படுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விடயம் ஒன்று உண்டு. பெயர்தான் நிலக்கீழ் ரயில். பாதையில் பாதிக்கு மேல் நிலத்துக்கு மேலேதான் ஓடுகிறது. நடு நகரத்துக்குள்தான் சுரங்கம். எங்கள் ஆட்கள் நிறைய இருக்கும் ஈஸ்ற்ஹாமும் அப்படித்தான். வெட்ட வெளியில், வீடுகளின் பின்வளவுகளைப் பார்த்துக்கொண்டு ஏறலாம். அங்கிருந்து மேற்கே போகிற ரயில் புரொம்லி-பை-போ என்ற நிலையம் தாண்டியதும் மெல்லக் கீழே இறங்கும். போ ரோட் நிலையம் சுரங்கத்தின் வாசலிலேயே இருக்கிறது. அதன் பிறகு இருட்டு.

சுரங்க நிலையத்தில் ரயில் வருவதற்கு முன் காற்று வரும். குறுகிய சுரங்கத்துக்குள் ரயில் தனக்கு முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு வருவதால் அப்படி. பிறகு இருட்டுக்குள்ளிருந்து ஓர் இரைச்சல். முதல் நாள் எனக்கு அந்த இரைச்சலில் அடிவயிறு கலங்கியது. உங்களுக்கும் கலங்கும். அது என்ன சத்தம் என்று மூளைக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது. பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: "முதலில் காத்து வரும், பிறகு சத்தம் வரும், பிறகு வெளிச்சம் வரும்." எங்கள் மருமகள் மூன்றாம் நாளே காற்று வந்ததும் கைதட்டத் தொடங்கிவிட்டாள்.

இனி நான் விட்ட பிழை.

மைல் என்ட் என்று ஒரு நிலையம். அங்கே ஒரு ரயிலால் இறங்கி, அதே மேடையின் மறுபக்கத்தில் நிற்கும் வேறு பாதை ரயிலில் ஏறலாம். படி ஏறத் தேவையில்லை. ஒரு நாள் பிள்ளைகளைப் பெத்னல் கிறீன் என்ற இடத்தில் இருக்கும் சிறுவர் நூதனசாலைக்குக் கூட்டிப்போனேன். மைல் என்டிலிருந்து ஒரு நிலையம்தான். நாங்கள் இறங்கியபோது மறுபக்க ரயில் கதவு திறந்தபடி நின்றது. கதவு மூடப்போகிறது என்று சத்தமும் கேட்கத் தொடங்கியது. சின்னவள் என் இடுப்பில். மூத்தவனின் விரல்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். என் ஒரு கால் பெட்டிக்குள், அவன் இன்னும் வெளியே. யாரோ ஒரு வயதான பெண் பின்னாலிருந்து அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். நான் வெளியே குதித்தேன். கதவு மூடியது. அவனுடைய ஒரு சப்பாத்து கழன்று, மேடைக்கும் ரயிலுக்கும் இடையில் விழுந்துவிட்டது.

ரயில் போய்விட்டது. அவன் ஒற்றைக் காலில் நின்று அழுதான். எனக்கு வந்த பயத்தில் அவனுக்கு அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அவன் என்ன செய்தான்? இழுத்துக்கொண்டு ஓடியது நான்.

அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்று: இரண்டு நிமிடத்தில் அடுத்தது வருமே, ஏன் ஓடினாய்?

நிலைய ஊழியர் ஒருவர் நீண்ட இடுக்கிக் கோல் ஒன்றோடு வந்து சப்பாத்தை எடுத்துத் தந்தார். அதற்குள் இரண்டு ரயில் வந்து போய்விட்டன. வாங்கிலில் இருந்து அந்தப் பெண் கேட்ட கேள்வியை யோசித்தேன். ஏன் ஓடினேன்? ஓடித்தான் எனக்குப் பழக்கம். எங்களுக்கெல்லாம் ஓடித்தான் பழக்கம். தவறவிட்ட பஸ்ஸுக்குப் பிறகு பஸ் இல்லாமல் இருந்த நாட்கள், மூடிய பாதை திரும்பத் திறக்காத நாட்கள், நிவாரண வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாத நாட்கள். கதவு திறந்திருந்தால் உள்ளே போய்விடு என்று எங்கள் கால்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அந்தப் பழக்கம் அன்று எங்களைக் காப்பாற்றியது. மைல் என்ட் மேடையில் அதுதான் பிள்ளைக்கு ஆபத்தாக வந்தது.

ஆகவே அந்தத் தங்கைக்கு நான் சொன்ன முதல் விடயம்: கதவு மூடுகிற சத்தம் கேட்டால் நில். நடு நகரப் பாதைகளில் பகல் நேரத்தில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில் வரும். எத்தனை நிமிடத்தில் வரும் என்று மேடையில் தொங்கும் பலகையிலேயே எழுதியிருக்கும். சனம் அடைத்த பெட்டி வந்தாலும் விட்டுவிடு. கேட்கச் சுலபம். செய்வதற்கு எனக்கு ஒரு மாதம் எடுத்தது.

அன்று பெத்னல் கிறீனில் இறங்கி வெளியே வந்தபோது, நிலையத்துக்குப் பக்கத்தில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு மரப் படிக்கட்டைக் கண்டேன். அதில் பெயர்கள் செதுக்கியிருந்தன. அது 2017இல் கட்டி முடித்த நினைவுச் சின்னம். இரண்டாம் உலக யுத்தத்தில் லண்டன் மக்கள் குண்டு வீச்சுக்குப் பயந்து இந்த ரயில் நிலையங்களுக்குள்தான் ஒளித்திருந்தார்கள். பாய், போர்வை, பிள்ளை குட்டியோடு இரவிரவாக அங்கேயே படுத்தார்கள். பெத்னல் கிறீன் நிலையம் அப்போது கட்டி முடியவில்லை, ரயிலும் ஓடவில்லை. அது ஒரு பெரிய பதுங்குகுழி. 1943 மார்ச் 3ஆம் திகதி இரவு அபாயச் சங்கு ஊதியது. சனம் படியால் இறங்கிக்கொண்டிருந்தது. அந்நேரம் பக்கத்துப் பூங்காவிலிருந்து ஒரு புதுவகை விமான எதிர்ப்பு ரொக்கட்டை ஏவினார்கள். முன்னர் கேட்டிராத அந்தச் சத்தத்தைக் கேட்டுக் குண்டு விழுகிறது என்று நினைத்து எல்லோரும் ஒரேயடியாக நெருக்கினார்கள். மங்கலான ஒற்றை விளக்கு, நடுவில் பிடிகம்பி இல்லை. கீழ்ப்படிகளில் ஒரு பெண் தடுக்கி விழுந்தார். பிள்ளையோடு வந்த பெண் என்று சொல்வார்கள். அவர் மேல் அடுத்தவர், அவர் மேல் அடுத்தவர். அந்த 19 படிகளில் 173 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். 84 பெண்கள், 62 சிறுவர்கள். அன்றிரவு அங்கே ஒரு குண்டும் விழவில்லை. அந்த வாசலைத் திருத்தப் பணம் தாருங்கள் என்று உள்ளூர்ச் சபை 1941இலேயே கேட்டிருந்தது, கொடுக்கவில்லை.

சிறுவர் நூதனசாலைக்குப் போவதற்கு முன் அந்தப் படிக்கட்டின் கீழே கொஞ்ச நேரம் நின்றேன். மருமகன் இதென்ன என்று கேட்டான். படியில் ஓடிய ஆட்களின் பெயர் என்று சொன்னேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு வேறென்ன சொல்வது?

இன்று அந்த நிலையத்தின் படிகளில் நடுவிலும் கைபிடி உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். பிள்ளையையும் பிடிக்கச் செய்யுங்கள். எல்லோரும் ஒன்றாக இறங்கும் நேரத்தில் ஓரமாக நின்று, சனம் போன பிறகு இறங்குங்கள்.

இனி வீட்டிலிருந்து வெளிக்கிடும் நேரத்துக்கு வருவோம். வேலை நாட்களில் காலை 6.30 முதல் 9.30 வரையும், பின்னேரம் 4 மணி முதல் 7 மணி வரையும் சன நெரிசல் நேரம். அப்போது கட்டணமும் கூட. கிளினிக் நேரத்தை 10 மணிக்குப் பிறகு கேட்டு வாங்குங்கள். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். எங்கள் பெண்கள் கேட்பதில்லை. 11 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு, கட்டணம் செலுத்தும் பெரியவர் ஒருவரோடு நாலு பேர் வரை, இலவசம். நிலையங்கள் பலவற்றில் மலசலகூடம் கிடையாது. வீட்டிலேயே போகவைத்துக் கூட்டிப் போங்கள். கோடையில் ஆழமான பாதைகள் அடுப்படி மாதிரி வெக்கையாக இருக்கும். ஒரு போத்தல் தண்ணீர் கட்டாயம்.

பிள்ளையின் காற்சட்டைப் பைக்குள் ஒரு துண்டில் உங்கள் தொலைபேசி இலக்கத்தை எழுதி வையுங்கள். வெளியே தெரியும்படி பிள்ளையின் பெயரைப் பையில் எழுத வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் தெரிந்தவர் என்று பிள்ளை நினைத்துவிடும்.

வாசலில் அட்டையைக் காட்டினால் திறக்கிற தானியங்கிக் கதவுகள் இருக்கும். ஒடுக்கமான கதவால் பிள்ளையோடு போக வேண்டாம். ஓரத்தில் அகலமான கதவு ஒன்று உண்டு, பக்கத்தில் ஊழியரும் நிற்பார். அதால் போங்கள்.

பிள்ளை வண்டில் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. சின்னதை நெஞ்சோடு கட்டித் தூக்கும் பையில் போட்டால் இரண்டு கையும் மிச்சம். ஒரு கை மூத்ததுக்கு, மற்றக் கை கம்பிக்கு. வண்டில்தான் வேண்டும் என்றால் மடிக்கக்கூடிய, பாரம் குறைந்ததாக வாங்குங்கள். 272 நிலையங்களில் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் படியில்லாமல் போய்வர லிப்ட் வசதி இருக்கிறது. ரயில் வரைபடத்தில் சக்கரநாற்காலி அடையாளம் போட்ட நிலையங்கள் அவை. நீல வட்டத்துக்குள் வெள்ளைச் சக்கரநாற்காலி என்றால் தெருவிலிருந்து ரயில் வரை படியில்லை. வெள்ளை வட்டத்துக்குள் நீலம் என்றால் மேடை வரைதான். ரயிலுக்குள் ஏற ஒரு படி உயரமோ இடைவெளியோ இருக்கும். போகும் முன் வரைபடத்தைப் பாருங்கள். படியில் யாராவது உதவ வந்தால் வண்டிலின் ஒரு பக்கத்தைக் கொடுங்கள். பிள்ளையைக் கொடுக்காதீர்கள். பிள்ளை உங்களோடு.

மேடையில் வண்டிலை நிறுத்தினால் தடையைப் போட்டு, பாதைக்குப் பக்கவாட்டாக நிறுத்துங்கள். முன்சில்லு பாதையைப் பார்த்து நிற்கக் கூடாது. சில மேடைகள் தெரியாத அளவுக்குச் சரிவாக இருக்கும், காற்றும் தள்ளும். விளிம்பில் மஞ்சள் கோடு இருக்கிறது. நீங்கள் அதற்குப் பின்னால் நின்றால் போதாது. முதுகைச் சுவரோடு வைத்துக்கொள்ளுங்கள். பாதைக்கும் பிள்ளைக்கும் நடுவில் நீங்கள் நில்லுங்கள். விரலைப் பிடிக்க வேண்டாம், மணிக்கட்டைப் பிடியுங்கள். வியர்த்த விரல் வழுக்கும், மணிக்கட்டு வழுக்காது. இதைச் சொன்னபோது அந்தத் தங்கை தன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பாதையில் எது விழுந்தாலும் இறங்கக் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. அந்தத் தண்டவாளங்களில் 600 வோல்ற்றுக்கும் கூடிய மின்சாரம் ஓடுகிறது. எங்கள் வீட்டு மின்சாரம் 230. சப்பாத்து, பொம்மை, பாஸ்போட், எதுவானாலும் ஊழியரிடம் சொல்லுங்கள்.

நகரும் படிக்கட்டு பல இடங்களில் பயங்கர உயரம். ஏஞ்சல் என்ற நிலையத்தில் இருப்பது சுமார் 60 மீற்றர் நீளம். வலது பக்கம் நிற்க வேண்டும், இடது பக்கம் நடப்பவர்களுக்கு விட வேண்டும். நான் எப்போதும் பிள்ளைக்கு ஒரு படி கீழே நின்றேன். ஏறும்போது பின்னால், இறங்கும்போது முன்னால். விழுந்தால் என்மேல் விழட்டும். சீலைத் தலைப்பு, சால்வை, சப்பாத்து நூல் எல்லாவற்றையும் சொருகிக் கட்டிக்கொள்ளுங்கள். மெதுமெதுப்பான ரப்பர்ச் செருப்பு பிள்ளைக்கு வேண்டாம், அது ஓரத்தில் சிக்கும். வண்டிலை மடித்துத் தூக்குங்கள், இல்லாவிட்டால் லிப்டைத் தேடுங்கள். மேலும் கீழும் சிவப்பு நிற நிறுத்தும் பொத்தான் இருக்கிறது. எங்கே என்று ஏறும் முன் ஒருமுறை பார்த்து வையுங்கள்.

பிறகு அந்த இடைவெளி. வளைந்த மேடைகளில் ரயிலுக்கும் மேடைக்கும் இடையில் ஒரு சின்னப் பிள்ளையின் கால் முழுதாகப் போகும் அளவுக்கு வெளி இருக்கும். 'மைண்ட் த காப்' என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள். இடைவெளியைக் கவனி என்று பொருள். 1968 முதல் சொல்லி வருகிறார்கள். இதில் ஒரு கதை இருக்கிறது, எங்கள் வாசகிகளுக்குச் சொல்ல வேண்டும். ஒஸ்வால்ட் லோரன்ஸ் என்ற நடிகரின் குரலில் அந்த அறிவிப்பு பல வருடம் ஒலித்தது. 2007இல் அவர் இறந்த பிறகு, அவருடைய மனைவி மார்கிறெற் மக்கொலம் எம்பாங்க்மென்ட் நிலையத்துக்குப் போய், ரயில்களை விட்டுவிட்டு, அந்தக் குரலைக் கேட்பதற்காகவே மேடையில் இருப்பாராம். 2012இல் அறிவிப்பை மாற்றிவிட்டார்கள். அவர் காரணத்தைச் சொல்லிக் கேட்டதும், 2013இல் அந்த ஒரு மேடைக்கு மட்டும் பழைய குரலைத் திரும்பப் போட்டார்கள். அந்த இடத்தில் வளைவு அதிகம். அந்தக் குரல் கேட்டால் நீங்களும் பிள்ளையைத் தூக்கிக் கடத்துங்கள், நடக்க விடாதீர்கள்.

ரயிலுக்குள் ஏறியதும் இருங்கள். கதவுக்குப் பக்கத்து இருக்கைகள் கர்ப்பிணிகள், சிறு பிள்ளைக்காரர், வயோதிபர், இயலாதவர்களுக்கு முன்னுரிமை. யாராவது இருந்தால் கேளுங்கள், எழும்புவார்கள். வயிற்றில் பிள்ளை இருந்தால் அதைக் காட்டும் வட்டச் சின்னம் ஒன்று 2005 முதல் இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதைக் குத்திக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கதவில் சாய விடாதீர்கள், கதவு திறக்கும்போது விரல் உள்ளே இழுபடும். இறங்க முடியாமல் போனால் பரவாயில்லை. அடுத்த நிலையத்தில் இறங்கி, வெளிவாசலுக்குப் போகாமல், எதிர்ப்பக்க ரயிலில் திரும்பி வரலாம். யாராவது உரசினால், தொந்தரவு செய்தால் இடம் மாறுங்கள். 61016 என்ற இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் ரயில்வேப் பொலிசுக்குப் போகும். உடனடி ஆபத்துக்கு 999.

பிள்ளை ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் என்று கதவு மூடிவிட்டால்? எல்லோரும் கேட்கப் பயப்படும் கேள்வி இதுதான். ஓடுகிற ரயிலோடு சேர்ந்து ஓட வேண்டாம், கதவுக்குள் கையைக் கொடுக்கவும் வேண்டாம். மேடையில் உதவிக் கருவி ஒன்று சுவரில் இருக்கும். அவசரப் பொத்தானை அழுத்தினால் ஊழியரோடு பேசலாம். "மை சைல்ட்", "ட்ரெயின்" என்ற இரண்டு சொல் போதும். அவர்கள் அடுத்த நிலையத்துக்கு அறிவிப்பார்கள். நீங்கள் ரயிலுக்குள் அகப்பட்டு, பிள்ளை மேடையில் நின்றால், பெட்டியில் இருக்கும் அபாயக் கருவியை இழுத்துச் சாரதியிடம் சொல்லலாம். ரயில் சுரங்கத்துக்குள் போய்விட்டால் அடுத்த நிலையத்தில்தான் நிற்கும், உதவி அங்கேதான் கிடைக்கும் என்பதால். பிள்ளைக்கு ஒரே ஒரு விதி சொல்லிக் கொடுங்கள்: "அம்மாவைக் காணாட்டி நிண்ட இடத்திலயே நில். அம்மா திரும்பி வருவன்." நாங்கள் எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வதில்லை. எங்களைத் தேடி அலையத்தான் பழக்குகிறோம்.

சில வேளை ரயில் சுரங்கத்தின் நடுவில் நின்றுவிடும். முன்னால் இன்னொரு ரயில் இருக்கும், சமிக்ஞை சிவப்பாக இருக்கும். ஓரிரு நிமிடம், சில வேளை கூடவும். பதுங்குகுழியில் இருந்தவர்களுக்கு அந்த அமைதிதான் கொடுமை. நான் அறிந்த ஒரு தாய் அப்படி நின்ற ரயிலில் பிள்ளைகளைக் கீழே படுக்க வைத்து மேலே கவிழ்ந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. இதற்கு என்னிடம் இருக்கும் வழி, மெல்ல மெல்லப் பழகுவது மட்டுமே. முதல் நாள் பிள்ளைகள் இல்லாமல், கணவரோடு அல்லது தெரிந்த ஒருவரோடு, நிலத்துக்கு மேலே ஓடும் பகுதியில் மட்டும் போய்த் திரும்புங்கள். அடுத்த முறை ஒரே ஒரு நிலையம் கீழே. பிறகு இரண்டு. பிறகு பிள்ளைகளோடு. எலிசபெத் பாதை என்று 2022இல் திறந்த புதிய ரயில் உண்டு. அதன் நடு நகர நிலையங்களில் மேடை ஓரம் கண்ணாடிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள்; ரயில் வந்து நின்ற பிறகுதான் கதவு திறக்கும். பழகுவதற்கு அது நல்லது. எல்லாம் செய்தும் முடியவில்லையா, பஸ்ஸில் போங்கள். நேரம் எடுக்கும், அவ்வளவுதான். லண்டனில் பஸ் போகாத இடம் குறைவு. யாருக்கும் உங்கள் வீரத்தைக் காட்டத் தேவையில்லை.

ரொறன்ரோவுக்குப் போகிறவர்களுக்கும் பெரும்பாலும் இதே விடயங்கள்தான். அங்கே 12 வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம். மேடையில் வெளிச்சமும் பேசும் கருவியும் உள்ள காத்திருக்கும் இடம் ஒன்று தனியாகக் குறித்திருப்பார்கள். தனியே வரும் பெண்கள் அதில் நிற்பது நல்லது.

அந்தத் தங்கை போவதற்கு முன், பிள்ளைகளைக் கிளிநொச்சி ரயில் நிலையத்துக்கு இரண்டு முறை கூட்டிப்போனார். 2013இல் ரயில் திரும்ப வந்த அதே மேடை. மஞ்சள் கோடு இல்லாததால் முற்றத்தில் ஒரு கயிற்றைப் போட்டு மகனுக்குப் பழக்கினார்.

போய் இரண்டு மாதத்தில் ஒரு நாள் அழைப்பெடுத்தார். முதல்முறையாகத் தனியே, இரண்டு பிள்ளைகளோடும், கீழே இறங்கிப் போய் வந்திருக்கிறார்.

"மூண்டு ரயிலை விட்டிட்டன் அக்கா. மகன் எண்ணிக்கொண்டு நிண்டான். நாலாவதில சனம் இல்லை, ஏறினம். எனக்குக் கை நடுங்கினதுதான், ஆனா விடேல்லை."

பின்னால் ஏதோ இடிபடுகிற சத்தம் கேட்டது. என்ன என்று கேட்டேன். மகன் கதிரைகளை வரிசையாக அடுக்கி, தங்கச்சியைப் பின்கதிரையில் இருத்தி, 'மைண்ட் த காப்' என்று கத்திக்கொண்டு இருக்கிறானாம். வீட்டுக்காரர் இரவு வேலை முடித்துப் படுத்திருக்கிறார், நித்திரை இல்லை என்று பேச்சாம்.